பதினோரு மணிப் பார்வை

அருப்புக்கோட்டை வடக்கு மடத்துத் தெருவில் தங்கபுஷ்பம் பொறாமைப்பட்டால் ஜெயக்கொடி வீட்டு மாடியில் கரண்டு உற்பத்தியாகும் என்பது இன்றைக்கு யாருக்கும் அதிசயமில்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் குடிதண்ணீர் எந்தக் கிழமை வரும், எந்தக் கடைத் துவரம்பருப்பு சீக்கிரம் வேகும் என்று சொல்லுகிற வாயாலேயே இதையும் சொல்லிவிடுவார்கள். வந்தவர்களும் அப்படியா சரி என்று கேட்டுக்கொண்டு பால் காய்ச்சப் போய்விடுவார்கள்.

தங்கபுஷ்பமும் ஜெயக்கொடியும் ஓரகத்திகள். அண்ணன் தனுஷ்கோடிக்கு வாக்கப்பட்டவள் மூத்தவள், தம்பி ரத்தினசாமிக்கு வாக்கப்பட்டவள் இளையவள். ஒரே வீடாக இருந்ததை இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் நடுவில் சுவர் வைத்து ரெண்டாக்கினார்கள், மாடியிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுவர் ஓடியது. ஒரு பாதியின் கொல்லையில் வேப்பமரம் நின்றது, அது மாடி முழுக்கக் கவிந்திருந்ததால் அக்னி நட்சத்திரத்தில்கூட அங்கே செருப்பில்லாமல் நடக்கலாம், அடியில் பாயை விரித்தால் பகலிலேயே கண் சொக்கும். மற்றப் பாதி வெட்டவெளி, அந்தக் கரிசக்காட்டு வெயில் காலை ஏழு மணிக்கு அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் இறங்கும். ஊரில் ஒன்றை மரத்து வீடு என்றும் மற்றதை வெயில் வீடு என்றும் சொன்னார்கள்.

யாருக்கு எது என்று திருவுளச்சீட்டு போட்டுப் பார்த்துக்கொள்ளச் சொன்னவர் மாமனார். பத்தாவது வரை படித்த மருமகள் என்று சீட்டு எழுதும் வேலையைத் தங்கபுஷ்பத்திடம் கொடுத்தார், அந்த மகராசி ரெண்டு சீட்டிலும் ‘மரத்து வீடு’ என்றே எழுதிச் சுருட்டிச் செம்பில் போட்டாள். மூத்தவள் கையால் முதலில் எடுப்பதுதான் முறை. எடுத்தாள், பிரித்தாள், எல்லோர் முன்னாலும் படித்தாள். மிச்சச் சீட்டை யாரும் பிரிக்கவில்லை, எதற்குப் பிரிக்க வேண்டும், ஒன்று மரத்து வீடென்றால் இன்னொன்று வெயில் வீடுதானே. கூட்டம் கலைந்ததும் அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாம் என்று அவள் ஓடினபோது செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. தண்ணீரோடு போயிருக்கும், நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்துக்கொண்டு, அதற்கப்புறம் வருஷக்கணக்காக நிம்மதியாகத் தூங்கினாள்.

அவள் எடுத்தது நல்ல ராசியான மரம்தான். மாசி பிறந்தால் ஊரில் இருக்கிற வேம்பெல்லாம் மொட்டையாக நிற்கும், இவள் வேம்பு மட்டும் ஒரு இலை கொட்டாது. மழை பொய்த்த வருஷத்தில் கிணற்றடி முருங்கை பட்டுப்போனது, இதற்குச் சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலே புதுக் கொப்பு விட்டது. “தங்கபுஷ்பம் கை பட்டா கரிக்கட்டையும் துளிர்க்கும்” என்று தெருவில் சொல்வார்கள், அவளும் இல்லையென்று மறுத்ததில்லை.

ஜெயக்கொடி அந்தப் பக்கத்தில் வெந்துகொண்டிருந்தாள். இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவள் பிழைப்பு. கிரைண்டர் ரெண்டு, மாவு புளித்துப் பொங்காமல் இருக்கப் பெரிய பிரிட்ஜ் ஒன்று, வெந்த வீட்டில் ஓயாமல் ஓடுகிற பேன் மூன்று, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வருகிற கரண்டு பில்லைப் பார்த்தால் மாவு விற்ற லாபம் முழுக்க அதிலேயே கரைந்திருக்கும். கடைசியில் கழுத்தில் கிடந்த செயினைக் கழற்றி அடகு வைத்து மாடியில் சோலார் போட்டாள். போட்டுக் கொடுத்தவன் அபுதாகிர் என்கிற பையன், பையன் என்றால் ரெண்டு பிள்ளைக்குத் தகப்பன். ஆள் நிமிர்ந்து நடக்கிற உயரத்துக்கு இரும்புக் கம்பி நட்டு, அதன் மேல் ஆறு பேனலைச் சாய்த்து மாட்டினான். மானியம் போகக் கையிலிருந்து போட்டது ஒரு லட்சத்துச் சொச்சம், ஆறு வருஷத்தில் போட்ட காசு வந்துவிடும், அதற்கப்புறம் வருவதெல்லாம் லாபம் என்று கணக்குச் சொன்னான்.

தங்கபுஷ்பம் சிரித்தாள். “வெயிலுக்குப் போய் யாராச்சும் செயினை அடகு வைப்பாளாங்க? சும்மா கொட்டிக் கெடக்கு, அள்ளிக்கிட்டுப் போகச் சொன்னாலும் ஆளில்ல” என்று புருஷனிடம் சொன்னாள். தனுஷ்கோடி பருப்பு கமிஷன் கடைக்காரர், வீட்டில் எது நடந்தாலும் உம் என்று ஒரு சத்தம் மட்டும் கொடுப்பார். அப்போதும் உம் என்றார்.

முதல் பில் வந்தது. ஜெயக்கொடி கட்ட வேண்டிய தொகை ஒரு நல்ல பட்டு ரவிக்கை தைக்கிற கூலிக்குக்கூடக் காணாது. அதற்கடுத்த பில் அதுவுமில்லை, மிச்சக் கரண்டைக் கம்பி வழியாக ஊருக்கே கொடுத்திருந்தாள். கேட்டவுடன் தங்கபுஷ்பத்துக்கு நெஞ்சுக்குள்ளே பச்சை மிளகாயை அரைத்துப் பூசின மாதிரி இருந்தது. எந்த வெயில் வேண்டாம் என்று இவள் செம்பிலே சூது செய்து தள்ளிவிட்டாளோ அந்த வெயில் அவளுக்குக் காசு காய்க்கிறது! அடிப்பாவி, உனக்கா, என் கையால் நான் தள்ளிவிட்ட வீட்டிலா! தினமும் பதினோரு மணிக்குச் சமையலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு மாடிக்கு ஏறி, முழங்கால் சுவரோரம் நின்று அந்த ஆறு பேனலையும் பார்ப்பாள். பார்த்தால் எரியும், பார்க்காவிட்டால் அதைவிட எரியும், ஆகையால் பார்த்தாள்.

ஐப்பசி வந்து அடைமழை பிடித்தது. நாலு நாளாகச் சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியவில்லை, ஆனாலும் ஜெயக்கொடியின் மீட்டர் பதினோரு மணியானால் ஓடியது. ஏதோ கோளாறென்று அபுதாகிர் வந்து இன்வர்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தான், வயரைத் தடவிப் பார்த்தான், மாடிக்கு ஏறிக் கையில் போனை வைத்துக்கொண்டு குடைக்குள் நின்றான். எவ்வளவு கரண்டு வருகிறதென்று போனிலேயே தெரியும். சைபருக்குப் பக்கத்தில் கிடந்த எண், மரத்துப் பக்கத்து மாடிக்குத் தங்கபுஷ்பம் ஏறி வந்ததும் ஒன்னேமுக்கால் கிலோவாட்டுக்குத் தாவியது. அவள் இறங்கினாள், எண்ணும் இறங்கியது.

“அக்கா, கோவிச்சுக்காம இன்னொரு தடவ மேல வாங்களேன்” என்று கூப்பிட்டான்.

“எதுக்குத் தம்பி?”

“சும்மாதாங்க்கா. வந்து எப்பவும் பாக்குற மாதிரி பாருங்க.”

மூன்று தடவை ஏறினாள், மூன்று தடவையும் எண் ஏறியது. அபுதாகிர் குடையை மடக்கினான், கீழே போய் ஜெயக்கொடி கொடுத்த டீயைக் குடித்தான். “பேனல்ல கோளாறு ஒன்னுமில்லக்கா, பக்கத்து வீட்டு அக்கா பாக்குறாங்கள்ல, அதுல வருது. பேனலை மாசத்துக்கு ஒரு தடவ ஈரத்துணியால தொடச்சு விடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று புது வீட்டு முகப்பில் பூதப் பொம்மை கட்டித் தொங்கவிடுகிற ஜனம், இப்போது கொஞ்சம் யோசித்துப் பார்த்தது. கண்ணடி பட்டுக் கல்லு உடைகிறதென்றால் அதில் அவ்வளவு பலம் இருக்கத்தானே செய்யும், அந்தப் பலத்தைப் பிடித்துக் கம்பியில் விட்டால் கிரைண்டர் ஓடாதா என்று ரேஷன் கடை வரிசையில் ஒருத்தி கேட்டாள், ஓடுமே என்று மற்றவர்கள் சொன்னார்கள். தெருவில் சோலார் போட்டிருந்த வேறு மூன்று வீட்டுக்காரர்கள் மாடியில் தொங்கவிட்ட திருஷ்டிப் பூசணிக்காயை அவிழ்த்துச் சாம்பார் வைத்தார்கள். வெயிலுகந்தம்மன் கோயில் பூசாரி, இனிமேல் மாடிக்கு மட்டும் கண்ணேறு கழிக்க வர மாட்டேன், வீட்டுக்குள்ளேயென்றால் வருகிறேன் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். அபுதாகிர் புது வீடுகளுக்குக் கணக்குப் போடப் போனால் கூரை எத்தனை அடி என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டான். அந்நியர் என்றால் போட்ட காசு ஆறு வருஷத்தில் வரும், பங்காளி என்றால் அஞ்சு, ஓரகத்தி என்றால் மூன்றே வருஷம் என்றான், ஜனங்களும் அது நியாயந்தான் என்றார்கள்.

மற்ற மூன்று வீட்டுக்காரிகளும் தங்கபுஷ்பத்தை வருந்தி வருந்திக் கூப்பிட்டார்கள். ஒருத்தி புது வாஷிங் மிஷினைத் திறந்து காட்டினாள், ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைப் பிரித்து மடியிலேயே போட்டாள், ஒருத்தி தன் மகன் துபாயில் வாங்குகிற சம்பளத்தை ரெண்டு தடவை சொன்னாள். தங்கபுஷ்பம் பாயசத்தைக் குடித்துவிட்டு எல்லாவற்றையும் பார்த்தாள். ஒரு யூனிட் ஏறவில்லை.

“கொஞ்சம் மனசு வச்சுப் பாருங்கக்கா.”

“வரமாட்டேங்குதே, நான் என்ன செய்ய? பொறாமைக்கும் ஒரு உறமுறை வேண்டாமாடி, கண்டவளப் பாத்தெல்லாமா வரும்?” என்று அவள் உள்ளதைச் சொன்னாள்.

ஜெயக்கொடி ஒன்றும் கேட்கவில்லை, அவளுக்குக் கேட்க வேண்டிய அவசியமுமில்லை. மூன்றாவது கிரைண்டர் வாங்கினாள். அதன் சத்தம் சுவரைத் தாண்டிக் கடகடவென்று வந்து தங்கபுஷ்பத்தின் சோற்றுத் தட்டு வரைக்கும் ஆட்டியது. மேகமூட்டமான நாளில் பொழுது விடியும்போதே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு மாடிக்கு வந்து தலையை உலர்த்தினாள். இது வேண்டுமென்றே செய்வதென்று தங்கபுஷ்பத்துக்குத் தெரியும், தெரிந்தும் எரிந்தது. ஒரு நாள் அவள் நிற்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் கிடந்தது. “கால் வலிக்குமேன்னு போட்டேங்க்கா” என்றாள் ஜெயக்கொடி. தங்கபுஷ்பம் அந்தச் சேரைத் தூக்கித் தெருவில் எறிந்தாள், அன்றைக்கு மட்டும் பத்தொன்பது யூனிட் வந்தது.

பார்க்கவே கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு ராஜபாளையத்தில் இருக்கிற மகள் வீட்டுக்கு நாலு நாள் இருக்கலாமென்று போனாள். மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஜெயக்கொடியிடமிருந்து போன் வந்தது.

“அக்கா, சும்மாதான் கேட்டேன், நல்லா இருக்கீகளா? இப்பக் கொஞ்ச முன்ன என்னய நினைச்சீகளோ?”

“நான் எதுக்குடி உன்னைய நினைக்கப் போறேன்?”

“இல்ல, இங்க மீட்டரு லேசாக் கூட ஓடுச்சு, அதான்” என்றாள். தங்கபுஷ்பம் கீரையை அப்படியே போட்டுவிட்டு மறு பஸ்ஸில் ஊருக்கு வந்துவிட்டாள்.

ஆறு வருஷம் என்று சொன்னது ரெண்டே வருஷத்தில் முடிந்தது. ஒரு தை மாசத்து வெள்ளிக்கிழமை ஜெயக்கொடி செயினை மீட்டுக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனதைத் தங்கபுஷ்பம் வாசலிலிருந்து பார்த்தாள். அது ஜெயக்கொடி செயினா, என் கண்ணால் மீட்ட செயின், ஒவ்வொரு கண்ணியும் நான் மாடியில் நின்று வெந்த ஒவ்வொரு பதினோரு மணி! அவளுக்கு அழுகை அழுகையாய் வந்தது. அழுதுகொண்டே அபுதாகிருக்குப் போன் போட்டாள்.

அவன் வந்து மரத்துப் பக்கத்து மாடியை அளந்தான், அண்ணாந்து கொப்பைப் பார்த்தான். “நிழல் விழாத எடம் வேணும்க்கா. இந்த மரம் நிக்கிற வரைக்கும் பதினஞ்சு வருஷமானாலும் போட்ட காசு திரும்பாது” என்றான்.

“மரத்த எடுத்துட்டா?”

“எடுத்துட்டா பேஷா வரும். ஆனா நல்ல மரம்க்கா.”

“மரமா எனக்குச் சோறு போடுது?” என்று கேட்டாள். தனுஷ்கோடி உம் என்றார். மறுநாள் காலையில் மரம் வெட்டுகிற இருளப்பன் கயிறும் அரிவாளுமாக வந்து, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மேலே ஏறினான். ரெண்டு சின்னக் கொப்பு விழுந்த சத்தம் கேட்டதுமே ஜெயக்கொடி மாவுக் கையைக்கூடக் கழுவாமல் மாடிக்கு ஓடிவந்தாள்.

“அக்கா, நிப்பாட்டச் சொல்லுங்க.”

“என் வீடு, என் மரம். உனக்கென்னடி நோகுது? உன் பேனலுக்கா நிழல் கட்டுது?”

“எனக்கும் எழுதுன மரம்தானக்கா இது.”

தங்கபுஷ்பத்துக்கு முதலில் புரியவில்லை. ஜெயக்கொடி இடுப்பிலிருந்து நகைக்கடைச் சுருக்குப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து கட்டைவிரல் நகமளவுக்கு மடித்த ஒரு தாளை எடுத்து, மாவு படாமல் நுனிவிரலால் பிரித்து நீட்டினாள். தாள் பழுத்திருந்தது, எழுத்து பழுக்கவில்லை. ‘மரத்து வீடு’. ரகரத்துக்குக் காலை நீட்டி நீட்டி எழுதுகிறவள் அந்தக் குடும்பத்தில் ஒருத்திதான்.

“இது... உன்கிட்ட எப்படி?”

“செம்பைக் கழுவுனது நாந்தானக்கா.”

மேலே இருளப்பன் கொப்பில் குந்தியபடியே அரிவாளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். “அன்னைக்கே கேட்டிருக்கலாமேடி. எல்லாரு முன்னாலயும் என் மூஞ்சில எறிஞ்சிருக்கலாமே” என்றாள் தங்கபுஷ்பம்.

“வாக்கப்பட்டு வந்து நாலு மாசம். வயித்துல பிள்ள. மூத்தவகளக் கள்ளின்னு சொல்லிட்டு நான் எங்க போய் இருக்க? பேசாம வச்சுக்கிட்டேன். ஆனா பாக்காம இருக்க முடியலக்கா. சித்திரையில பிள்ளைக்கு முதுகு பூரா வேக்குரு வெடிச்சு அழுவான், அவனத் தோள்ல போட்டுக்கிட்டு மாடிக்கு வந்து இந்த மரத்தப் பாப்பேன். நீங்க அடியில பாய விரிச்சுத் தூங்குவீக. இருவத்திரண்டு வருசம் பாத்தேன். நல்ல மனசோட பாத்தேன்னு பொய் சொல்ல மாட்டேன்.”

“அதானே!” என்றான் மேலேயிருந்து இருளப்பன். “மாசியில இல கொட்டாத வேம்பு ஏதுடான்னு நானும் ரொம்ப நாளா நெனச்சேன். இது தண்ணி குடிச்சு வளந்த மரமில்ல.” அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். இந்த மாதிரி மரத்தில் தான் கை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போனான்.

தங்கபுஷ்பம் சுவரோரம் நெருங்கி வந்தாள். “என்ன செய்யணும்ங்கிற? வீட்ட மாத்திக்கிடுவமா? சொல்லு, மாத்திக்கிடுவோம்.”

“ஒன்னும் செய்ய வேணாம்க்கா. சொல்லிட்டேன், எறங்கிருச்சு” என்றாள் ஜெயக்கொடி. அந்தச் சீட்டை நாலாக மடித்துத் தங்கபுஷ்பத்தின் உள்ளங்கையில் வைத்தாள். “நீங்களே வச்சுக்கோங்க. மாவு புளிச்சிரும், வாரேன்” என்று இறங்கிப் போய்விட்டாள்.

மாசி பிறந்தது. தங்கபுஷ்பத்தின் வேம்பில் முதல்முறையாக இலை பழுத்தது. ஒரு வாரத்தில் மஞ்சள் மஞ்சளாய் அத்தனை இலையும் கொட்டி, மரம் ஊரில் உள்ள மற்ற வேம்பு போல வெறும் குச்சியாய் நின்றது. மாடியில் வெயில் அடித்தது. தெருக்காரர்கள் பார்த்தார்கள், ஜெயக்கொடி பார்ப்பதை நிறுத்திவிட்டாள் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டார்கள், பங்குனியில் தானாகத் துளிர்க்கும் என்றார்கள். தங்கபுஷ்பம் கூடை கூடையாய் இலையைக் கூட்டி அள்ளினாள். தன்னை ஏக்கத்தோடு பார்க்க இந்த உலகத்தில் ஒருத்தி இருந்தாள், இனி இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு வீடே காலியானது மாதிரி இருந்தது. சீட்டை எரிக்கவும் மனசில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, முந்தானை முடிச்சில் அது எந்நேரமும் உறுத்தியது. தூக்கம் போய்விட்டது. பேனல் பக்கம் தலை திருப்ப வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு மாசமாக அவள் பார்க்கவில்லை, ஜெயக்கொடியின் மீட்டரும் வெயில் கொடுத்ததை மட்டும் வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஓடியது.

ஒரு நாள் சாயங்காலம், வெயில் பேனலை விட்டு இறங்கிப் போன நேரம், கடைசிக் கூடை இலையை அள்ளிவிட்டு நிமிர்ந்தவள் கண்ணில் அது பட்டது. பேனல்களுக்குக் கீழே பகலெல்லாம் நிழல் விழுந்து ஆறிக் கிடந்த தரையில், வெயில் வீட்டு மாடியிலே இப்போது அப்படியொரு நிழல் இருந்தது, ஜெயக்கொடி பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, செயின் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது, யாரிடத்திலும் எந்தக் கணக்கும் வைக்காதவள் தூங்குகிற தூக்கம். தங்கபுஷ்பம் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் கண்ணை எடுக்க முடியாமல் பார்த்தாள். கீழே இன்வர்ட்டர் பெட்டி முனகத் தொடங்கியது.

ஜெயக்கொடி கண்ணைத் திறக்கவில்லை. “இன்னும் என்னக்கா இருக்கு எங்கிட்ட?” என்று கேட்டாள்.

“தூக்கம்டி” என்றாள் தங்கபுஷ்பம்.

ஜெயக்கொடி கொஞ்சம் ஒதுங்கிப் பாயில் இடம் விட்டாள். தங்கபுஷ்பம் சேலையைத் தூக்கிச் செருகி, மூட்டுவலியோடு முழங்கால் சுவரைத் தாண்டி, பேனலுக்கடியில் அவள் பக்கத்தில் போய்ப் படுத்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்கத்தில் ஜெயக்கொடி மறுபடியும் தூங்கிக் குறட்டை விட்டாள். கீழே மீட்டர் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.